மேகமலை இருவாச்சி: கூட்டைத் தேட வேண்டாம், பழுத்த மரத்தைத் தேடுங்கள்

■ வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். மதுரையிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் 12 பேரோடு தை மாதக் கடைசியில் மேகமலை போகிறோம். எல்லாருக்கும் பெரிய இருவாச்சியைப் பார்க்கணும் என்ற ஆசை. கிளம்புவதற்கு முன்னால் சில விஷயங்கள் தெளிவாகணும்.

எங்கள் குழுவில் "இருவாச்சி" என்று வரும் படங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஒன்றில் அலகுக்கு மேல் பெரிய கொம்பு இருக்கிறது, இன்னொன்றில் கொம்பே இல்லை. எது எது? ஆண், பெண் எப்படிப் பிரிப்பது? தை மாதம் கூடு வைக்கும் காலம் என்கிறார்கள். கூடு இருக்கும் மரத்தைக் காட்டுவதாக ஒருவர் சொல்கிறார், போகலாமா? அனுபவமுள்ளவர்கள் விவரமாகச் சொன்னால் பிள்ளைகளுக்கு அப்படியே வாசித்துக் காட்டுவேன்.

■ சுருளிச்சாரல்

தமிழ்நாட்டில் இருவாச்சி நாலு வகை. படங்கள் குழம்புவது அதனால்தான். மேகமலையில் நீங்கள் எதிர்பார்க்க வேண்டியது இரண்டு: பெரிய இருவாச்சி, மலபார் சாம்பல் இருவாச்சி.

பெரிய இருவாச்சியை மலைமொங்கான் என்றும் சொல்வார்கள். நீளம் ஏறக்குறைய 95 முதல் 120 செ.மீ., எடை 2 முதல் 4 கிலோ. பெட்டை மயிலின் உடம்பை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், அளவு பிடிபடும். இறக்கையை விரித்தால் ஒன்றரை மீட்டர். முகம் கறுப்பு, கழுத்து வெளிர்மஞ்சள், முதுகும் நெஞ்சும் கறுப்பு, அடிவயிறு வெள்ளை. கறுப்பு இறக்கையின் குறுக்கே மஞ்சள் ஏறிய ஒரு பட்டை ஓடும். வால் வெள்ளை, நுனிக்குச் சற்று முன்னால் அகலமான கறுப்புப் பட்டை. வேறெதுவும் தெரியாவிட்டாலும் இந்த வால் பட்டை தெரிந்தால் போதும், அடித்துச் சொல்லலாம்.

மலபார் சாம்பல் இருவாச்சி இதில் பாதி கூட இருக்காது, 45 செ.மீ. அளவுதான். அலகின் மேல் கொம்பு கிடையாது. உங்கள் குழுவில் வந்த கொம்பில்லாத படம் இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். உடம்பு சாம்பல், கண்ணுக்கு மேல் வெளிறிய புருவக்கோடு. ஆணின் அலகு செம்மஞ்சளாக இருந்து நுனியில் மஞ்சளாகும். பெண்ணின் அலகு மஞ்சள், கீழலகின் அடியில் கறுப்பு. யாரோ தொண்டையைக் கட்டிக்கொண்டு சிரிப்பது போலக் கத்தும். உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும்தான் இந்தப் பறவை உண்டு. பெரியது கண்ணில் படாமல் இது மட்டும் கிடைத்தால் பிள்ளைகள் ஏமாந்துபோக வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். பெரிய இருவாச்சி தென்கிழக்கு ஆசியா வரைக்கும் பரவியிருக்கிறது. இது நம் மலையை விட்டால் எங்கும் இல்லை.

மற்ற இரண்டு: இந்திய சாம்பல் இருவாச்சி வறண்ட காட்டுக்கும் சாலையோரப் பழைய மரங்களுக்கும் உரியது. அலகின் மேல் கூரான சின்னக் கொம்பு இருக்கும். மலபார் கருப்பு வெள்ளை இருவாச்சி ஆற்றோரக் காடுகளை ஒட்டி வாழும். அதன் கழுத்து முழுக்கக் கறுப்பு, உடம்பில் மஞ்சள் சாயமே இராது, வாலின் ஓர இறகுகள் முழு வெள்ளை. அந்தப் படத்தைத்தான் நிறையப் பேர் பெரிய இருவாச்சி என்று பகிர்கிறார்கள்.

ஆண் பெண் பிரிக்கக் கண்ணைப் பாருங்கள். பெரிய இருவாச்சியில் ஆணுக்குச் சிவப்புக் கண், பெண்ணுக்கு வெள்ளைக் கண். கொம்பின் பின்பக்கம் ஆணுக்குக் கறுப்பு, பெண்ணுக்குச் செந்நிறம். கண்ணைச் சுற்றிய தோலும் ஆணுக்குக் கறுப்பு, பெண்ணுக்குச் செம்மை. தூரத்தில் கண் நிறம் தெரியாவிட்டால் கொம்பின் பின்பக்கத்தை வைத்துச் சொல்லலாம், அது எட்டு மடங்கு பைனாகுலரிலேயே தெரியும்.

■ ஏலத்தோட்டம்

சுருளி அண்ணன் சொன்னதோடு ரெண்டு விஷயம் சேர்க்கிறேன்.

அந்த மஞ்சள் நிறம் இறகிலேயே ஊறிய நிறம் இல்லை. வால் அடியில் ஒரு எண்ணெய்ச் சுரப்பி இருக்கு. அலகாலும் தலையாலும் அதைத் தேய்த்து, கழுத்து, இறக்கைப் பட்டை, கொம்பு எல்லாவற்றிலும் பூசிக்கொள்ளும். அடியில் இருக்கிற இறகு வெள்ளைதான். அதனால் மஞ்சளின் அடர்த்தி பறவைக்குப் பறவை மாறும். மஞ்சள் குறைவாக இருந்தால் இளசு, அதிகமாக இருந்தால் முதிர்ந்தது என்று எழுதிவிடாதீங்க. வயதுக்குக் கொம்பைப் பாருங்க. கூட்டை விட்டு வரும் குஞ்சுக்குக் கொம்பு இருக்காது. முழு வடிவம் வர ஐந்து வருஷம் போல ஆகும். முதிர்ந்ததில் கொம்பின் மேல்பக்கம் குழிந்து, முன்னால் இரண்டு மேடாகப் பிரிந்து நிற்கும்.

அவ்வளவு பெரிய கொம்பை எப்படித் தூக்குது என்று பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள். உள்ளே பெரும்பாலும் காற்றறைதான், பார்க்கிற அளவுக்குக் கனம் இல்லை. ஆனாலும் அலகு கனம். அதைத் தாங்கக் கழுத்தின் முதல் இரண்டு எலும்பும் ஒன்றாக இணைந்திருக்கும். பறவைகளில் இருவாச்சி இனத்துக்கு மட்டும்தான் இந்த அமைப்பு. ஆண்கள் பறந்துகொண்டே கொம்போடு கொம்பு மோதுவதும் உண்டு. பழுத்த அத்தி மரத்தின் பக்கத்தில் அதைப் பார்க்க வாய்ப்பிருக்கு.

அடுத்தது சத்தம். பெரும்பாலும் கண்ணுக்கு முன்னால் காதுக்குத்தான் கிடைக்கும். மற்ற பறவைகளுக்குச் சிறகின் அடிப்பாகத்தைக் கீழிருந்து சிற்றிறகுகள் மூடியிருக்கும். இருவாச்சிக்கு அந்த மூடல் இல்லை. ஒவ்வொரு வீச்சிலும் சிறகுகளுக்கு நடுவில் காற்று புகுந்து "வ்வுஷ், வ்வுஷ்" என்று வரும். அரை கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் கேட்கும். சில வீச்சு, பிறகு சத்தமில்லாமல் ஒரு மிதப்பு, மறுபடி வீச்சு. சத்தம் நின்றதும் பறவை போய்விட்டது என்று நினைத்துத் திரும்பிவிடாதீங்க. அது மிதந்து வரும் நேரம். அப்போதுதான் மேலே பார்க்கணும்.

■ கோரிப்பாளையம்

கூட்டு மரம் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்றால் அதுதான் உறுதியான வழி. ஆண் பறவை எப்படியும் இரை கொண்டு வந்துதானே ஆகணும். நூறு அடி தள்ளி, பச்சைத் துணி மறைப்பு கட்டி, நீண்ட லென்ஸ் வைத்தால் பறவைக்கு என்ன தொந்தரவு? பன்னிரண்டு பேரும் கட்டாயம் பார்க்கலாம். பழ மரத்தடியில் உட்கார்ந்தால் வந்தாலும் வரும், வராமலும் போகும்.

■ சுருளிச்சாரல்

தம்பி, இதில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக முடியாது. கூட்டுக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் நீங்களே வேண்டாம் என்பீர்கள்.

இருவாச்சியால் மரத்தைக் குடைந்து பொந்து செய்ய முடியாது. மரங்கொத்தி இல்லை அது. கிளை ஒடிந்து, உள்மரம் உளுத்து, தானாக உண்டான பொந்துதான் அதற்கு வேண்டும். அதுவும் ஒரு மீட்டர் நீளப் பறவை உள்ளே திரும்பி உட்காரும் அளவுக்கு. அப்படிப் பொந்து விழ மரம் எத்தனை காலம் நின்றிருக்க வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். கிடைத்த பொந்தை வருடா வருடம் விடாமல் பயன்படுத்தும். ஒரு மரத்தை அது வெறுத்துப் போனால் அடுத்த மரம் கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

மார்கழி, தை வாக்கில் பெண் உள்ளே போகும். தன் எச்சம், பழச் சக்கை, மரத்தூள் எல்லாவற்றையும் குழைத்து அலகின் பக்கவாட்டால் தட்டித் தட்டி வாசலை அடைக்கும். இரண்டு மூன்று விரல் அகலத்துக்கு நீளவாட்டில் ஒரு பிளவு மட்டும் விடும். உள்ளே ஒன்று அல்லது இரண்டு முட்டை. அடைகாப்பு 38 முதல் 40 நாள். அந்தக் காலத்தில் சிறகுகளையும் வால் இறகுகளையும் உதிர்த்துவிட்டுப் புதிதாக முளைக்க விடும். அதாவது சில வாரங்களுக்கு அவளால் பறக்கவே முடியாது. குஞ்சு கொஞ்சம் வளர்ந்ததும் பெண் அடைப்பை உடைத்துக்கொண்டு வெளியே வரும், உள்ளே இருக்கும் குஞ்சு தானே வாசலைத் திரும்ப அடைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு தாயும் தகப்பனும் சேர்ந்து ஊட்டும். எல்லாம் முடிய நாலு மாதம் போல ஆகும். (மலபார் சாம்பல் இருவாச்சி இப்படி இல்லை, அதில் குஞ்சு பறக்கத் தயாராகும் வரை தாய் உள்ளேயே இருக்கும்.)

இத்தனை நாளும் சாப்பாடு அந்தப் பிளவு வழியாகத்தான். ஆண் பழங்களைத் தொண்டையில் நிரப்பிக்கொண்டு வந்து, மரத்தில் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கக்கி அலகு நுனியில் எடுத்துக் கொடுக்கும். அப்படி வருகிற ஆண் நேராகக் கூட்டுக்கு வராது. முதலில் பக்கத்து மரத்தில் உட்கார்ந்து சுற்றிப் பார்க்கும். கீழே ஆள் நடமாட்டம் இருந்தால் அங்கேயே நிற்கும். ரொம்ப நேரம் ஆனால் கொடுக்காமலே திரும்பிவிடும். ஒரு நாளில் அது வந்துபோவதே சில தடவைதான். அதில் ஒரு வேளை போனால் உள்ளே இருப்பவளுக்கு அரை நாள் பட்டினி. பச்சைத் துணி கட்டினாலும் பன்னிரண்டு பேரின் அசைவையும் பேச்சையும் மறைக்க முடியாது. அதோடு, ஆள் போய் வந்த தடமே கூட்டு மரத்துக்கு வழிகாட்டும். குஞ்சையும் கொழுப்பையும் தேடி வருபவனுக்கு அது போதும்.

■ ஏலத்தோட்டம்

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பெரிய இருவாச்சி 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கு. அந்தச் சட்டத்தில் "வேட்டை" என்பதற்குள்ளேயே பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அடங்கும். துப்பாக்கி தூக்கணும் என்று இல்லை. 2021-லிருந்து அந்தக் காடு திருவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் வேறு. சாலையை விட்டுக் காட்டுக்குள் இறங்க வனத்துறை அனுமதி வேணும். கூட்டைக் காட்டுகிறேன் என்று காசு கேட்பவரோடு மாணவர்களைக் கூட்டிப் போகாதீங்க.

■ கோரிப்பாளையம்

ஆண் கொடுக்காமலே திரும்பிவிடும் என்பது எனக்குத் தெரியாது. சரிண்ணே, நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். அப்போ பழ மரத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதைச் சொல்லுங்க.

■ ஏலத்தோட்டம்

பழ மரம் என்றால் முதலில் ஆல், அத்தி, இச்சி வகை. இருவாச்சிக்கு அதுதான் சோறு. அத்தி இனத்தில் ஒரு மரத்துப் பழமெல்லாம் சேர்ந்தாற்போலப் பழுக்கும், ஒரு வாரம் பத்து நாளில் தீர்ந்துவிடும். ஆனால் மரத்துக்கு மரம் பழுக்கும் மாசம் வேறு. அதனால்தான் வருஷம் முழுக்க எங்கேயாவது ஒரு மரம் பழுத்திருக்கும். போன மாசம் யாரோ பார்த்த மரத்தடியில் போய் உட்கார்வதில் பயன் இல்லை. அந்த வாரத்தில் பழுத்தது எது என்று தெரியணும்.

கண்டுபிடிக்கும் முறை: சாலையில் மெதுவாக நடங்க. காரில் போனால் தெரியாது. குக்குறுவான் விடாமல் கத்தும் இடம், மைனாவும் புறாவும் கூட்டமாக இறங்கும் மரம், மலையணிலோ கருமந்தியோ கிளைநுனியில் தொங்கிச் சாப்பிடும் மரம், இதெல்லாம் அடையாளம். கீழே சாலையில் நசுங்கிய பழமும் புளிச்ச வாசமும் இருந்தால் மேலே பாருங்க. மரத்தடியில் சதை நீங்கிச் சுத்தமான பெரிய கொட்டைகள் கிடந்தால் இருவாச்சி வந்துபோயிருக்க வாய்ப்பு உண்டு. காட்டு ஜாதிக்காய், கருங்குங்கிலியம் போன்றவற்றின் கொட்டையை விழுங்கி, சதையை எடுத்துக்கொண்டு, கொட்டையை முழுசாகக் கக்கிவிடும். அத்தி விதை மட்டும் எச்சத்தில் போகும்.

மரம் கிடைத்த பிறகு:

அதன் அடியில் நிற்காதீங்க. 50 மீட்டராவது தள்ளி, வெயில் முதுகுப் பக்கம் இருக்கும்படி, மரத்தின் மேல்பாதி திறந்து தெரியும் இடமாகப் பார்த்து உட்காருங்க. மரத்தடியில் நின்றால் கழுத்துதான் வலிக்கும், இலைக்கூட்டத்துக்குள் எதுவும் தெரியாது. காலை வெளிச்சம் வந்ததிலிருந்து ஒன்பதரை வரை, பிறகு மூன்றரையிலிருந்து இருட்டும் முன் வரை. 12 பேரை 4 பேராக மூணு குழுவாகப் பிரித்து மூணு இடத்தில் உட்கார வைங்க. வெள்ளைச் சட்டை, சிவப்புத் துப்பட்டா வேண்டாம்.

பறவை வந்து இறங்கியதும் எல்லாரும் கை நீட்டுவார்கள், அப்போதே அது கிளம்பிவிடும். கை நீட்டாமல் "நடுக்கிளை, இடப்பக்கம், மேலிருந்து மூணாவது" என்று வாயால் மெதுவாகச் சொல்லப் பழக்குங்க. இறங்கிய பத்து நிமிஷம் அசையாமல் இருந்தால் பிறகு அது உங்களைக் கண்டுகொள்ளாது. கிளையில் பக்கவாட்டில் தத்தித் தத்திப் போகும். பழத்தை அலகு நுனியால் பறித்து, தலையை மேலே எறிந்து, தொண்டைக்குள் போட்டுக்கொள்ளும். நாக்கு குட்டை, அலகு நீளம், அதனால் நாக்கால் உள்ளே தள்ள முடியாது. இதைப் பிள்ளைகளைக் கவனிக்கச் சொல்லுங்க.

செல்போனில் அதன் குரலைப் போட்டு அழைக்கவே கூடாது. இணை சேர்ந்து "கொக், கொக்" என்று மாறி மாறிக் குரல் கொடுக்கும் காலம் இது. போலிக் குரலைக் கேட்டால் தன் இடத்துக்கு வேறொன்று வந்துவிட்டது என்று ஆண் அலையும், இரை தேடும் நேரம் வீணாகும்.

■ மாட்டுத்தாவணி

ஒரு சந்தேகம். ஆண் இருவாச்சி செத்துப்போனால் பெண்ணும் குஞ்சும் கூட்டுக்குள்ளேயே பட்டினி கிடந்து செத்துவிடும், அதுதான் உண்மையான கற்பு என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, நிஜமா?

■ சுருளிச்சாரல்

பாதி சரி, பாதி தப்பு. அடைப்பைப் பெரும்பாலும் உள்ளேயிருந்து கட்டுவதே பெண்தான். கட்டத் தெரிந்த அதே அலகால் உடைக்கவும் முடியும். சிறைப்பட்டுக் கிடப்பதில்லை. ஆனால் சிறகு உதிர்ந்திருக்கும் வாரங்களில் ஆண் வராமல் போனால் வெளியே வந்தாலும் பறக்க முடியாது, தரையில் விழுந்தால் மரநாய்க்கோ சிறுத்தைக்கோ இரையாகும். சிறகு முளைத்த பிறகு என்றால் பெண் தப்பிக்க வழி உண்டு, குஞ்சைத் தனியாக வளர்ப்பது கடினம். ஆகவே ஒரு ஆணைச் சுட்டால் அந்த வருடத்துக் கூடே போக வாய்ப்பு அதிகம் என்பது நிஜம். அதற்குக் கற்புக் கதை தேவையில்லை. கூட்டை அடைப்பது பொந்தைப் பறிக்க வரும் மற்ற இருவாச்சிகளிடமிருந்தும் கொன்றுண்ணிகளிடமிருந்தும் காக்கத்தான்.

■ வைகைக்கரை

மிக்க நன்றி. மாணவர்களில் சிலர் பலகையில் கூண்டு செய்து மலையில் மாட்டலாமா என்று கேட்கிறார்கள். சிட்டுக்குருவிக்கு மாட்டுகிற மாதிரி. இன்னும் சிலர் கொட்டைகளைப் பொறுக்கி வந்து மதுரையில் நடலாமா என்கிறார்கள்.

■ போத்துக்கட்டை

இரண்டுக்கும் பதில் சொல்கிறேன்.

செயற்கைக் கூண்டு சிட்டுக்குருவிக் கூண்டு மாதிரி எளிது இல்லை. தாய்லாந்தில் இதை நீண்ட காலமாகச் செய்கிறார்கள். அங்கே கற்றுக்கொண்ட ஒன்று, இயற்கைப் பொந்துகளிலேயே அடித்தளம் உளுத்து உளுத்துக் கீழே இறங்கிவிடும். தளம் இறங்கினால் உள்ளே உட்காரும் பெண்ணுக்கு வாசல் எட்டாது, இரை வாங்க முடியாது, பொந்தைக் கைவிட்டுவிடும். உள்ளே மண் நிரப்பித் தளத்தை உயர்த்தினால் திரும்ப வருகிறது. இன்னொன்று, மரம் வளர்ந்து வாசலைச் சுருக்கிவிடும், அதைச் செதுக்கிவிட வேண்டியிருக்கும். தேனீ குடியேறினாலும் பொந்து போச்சு. இதெல்லாம் உயரமான மரத்தில் கயிறு கட்டி ஏறிச் செய்யும் வேலை. வனத்துறையும் ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்துதான் செய்ய முடியும்.

காட்டிலிருந்து கொட்டை எடுத்து வர வேண்டாம். காப்பகத்தில் அதற்கு அனுமதி இல்லை. எடுத்து வந்தாலும் பயன் இல்லை. காட்டு ஜாதிக்காய் போன்ற மழைக்காட்டுக் கொட்டைகளை நம் வீட்டு அவரை, கத்திரி விதை மாதிரிக் காயவைத்து எடுத்துவைக்க முடியாது. ஈரம் வற்றினால் முளைக்கும் திறன் போய்விடும். தப்பித்து முளைத்தாலும் மதுரை வெயிலில் நிற்காது. பெரிய இருவாச்சி மதுரைப் பக்கம் வரவும் வராது. தொடர்ச்சியான பசுமை மாறாக் காடும் பொந்துள்ள பழைய மரமும் அதற்கு வேண்டும். அழகர்மலையே வறண்ட காடுதான்.

அங்கே அந்தப் பறவையை வாழவைக்கும் அதே இனத்து மரத்தை இங்கே நட்டால், இங்கே இருக்கும் குக்குறுவான், குயில், மைனா, வௌவால் எல்லாம் பிழைக்கும். ஆலும் அத்தியும் போத்து நட்டே வரும். மணிக்கட்டு தடிமனில், ஆறடி நீளத்தில், நோயில்லாத கிளையாக வெட்டுங்கள். அடிப்பக்கம் சாய்வெட்டு, மேல்பக்கம் நேர்வெட்டு. இலையை எல்லாம் கழித்துவிட்டு நிழலில் இரண்டு நாள் பால் வடிய விடுங்கள். பால் வடியாமல் ஈர மண்ணில் வைத்தால் அடி அழுகும். இரண்டடி குழியில், மணல் கலந்த மண்ணில் இறுக்கி நடுங்கள். மேல்வெட்டில் பசுஞ்சாணியை அப்பி, வைக்கோல் சுற்றிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் வெயிலில் மேலிருந்து காய்ந்துகொண்டே இறங்கும். நம்ம ஊருக்கு ஐப்பசி மழை தொடங்கியதும் நடுவதுதான் சரி. தையில் நட்டால் பங்குனி வெயிலுக்குள் வேர் பிடிக்காது. துளிர் வந்ததைப் பார்த்து ஏமாந்து தண்ணீரை நிறுத்திவிடாதீர்கள். கட்டைக்குள் இருக்கும் சத்திலேயே முதல் துளிர் வரும், வேர் பிறகுதான். முதல் கோடை முழுக்க வாரம் இரண்டு தடவை தண்ணீர் வேண்டும். வீட்டுச் சுவரிலிருந்தும் கிணற்றிலிருந்தும் 50 அடியாவது தள்ளி நடுங்கள். கண்மாய்க்கரையின் வெளிப்புறச் சரிவுக்குக் கீழே, ஊர்ப் பொது இடம் கிடைத்தால் நல்லது.

■ ஏலத்தோட்டம்

போத்து விஷயத்தோடு மலையில் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய ஒன்று. தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு வரிசையாக நிற்கும் சில்வர் ஓக் மரங்களைப் பார்க்கச் சொல்லுங்க. தூரத்தில் பச்சையாகத் தெரியும். இருவாச்சிக்கு அதில் பழமும் இல்லை, பொந்தும் இல்லை. அதே தோட்ட ஓரத்தில் வெட்டாமல் விட்ட ஒரு இச்சி மரத்தில் காலை ஒரு மணி நேரத்தில் எத்தனை வகைப் பறவை இறங்குது என்று இரண்டையும் எண்ணச் சொல்லுங்க. ஒரு தாளில் இரண்டு பத்தி போதும்.

■ வைகைக்கரை

அதைச் செய்கிறோம். கடைசியாக, பயணம். ஆரப்பாளையத்தில் விடிகாலை பஸ் பிடித்தால் சரியாக இருக்குமா?

■ சுருளிச்சாரல்

இருக்காது. மதுரையிலிருந்து தேனி வழியாகச் சின்னமனூர் ஏறக்குறைய 100 கி.மீ. அதற்கு மேல் 18 கொண்டை ஊசி வளைவு. விடிகாலை கிளம்பினால் மேலே சேரும்போது பத்து மணி தாண்டிவிடும், பறவை நிழலுக்குள் போய் உட்கார்ந்திருக்கும். இரவில் மலைப்பாதையில் விடமாட்டார்கள். முதல் நாள் மத்தியானத்துக்குள் மேலே போய்த் தங்கி, அன்று சாயங்காலம் பழுத்த மரத்தை மட்டும் தேடி வையுங்கள். மறுநாள் காலை அங்கே உட்காருங்கள்.

பைனாகுலர் எட்டு மடங்கு, 42 மி.மீ. முகப்பு. பத்து மடங்கு வாங்கினால் பழக்கமில்லாத கையில் ஆடும். நாலு பேருக்கு ஒன்று என்று மூன்று போதும். தையில் மலையில் பனி, கம்பளிச் சட்டை வேண்டும். ஈரமான இடத்தில் அட்டை இருக்கலாம், கால்சட்டையைக் காலுறைக்குள் சொருகச் சொல்லுங்கள்.

குறிப்பேட்டில் நேரம், எண்ணிக்கை, ஆண் பெண், எந்த மரம், என்ன செய்தது என்று எழுதட்டும். தற்செயலாக ஒரு ஆண் பறவை திரும்பத் திரும்ப ஒரே அடிமரத்தில் போய் ஒட்டுவதைக் கண்டால் அது கூடு. அந்த இடத்தை விட்டு உடனே விலகிவிடுங்கள், படத்தில் இருப்பிடம் பதிவாகாமல் செல்போனில் அணைத்து வையுங்கள், வனச்சரக அலுவலகத்தில் மட்டும் சொல்லுங்கள். இந்த இழையிலும் எழுத வேண்டாம்.